நாற்பது கிலோ பிரேக்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், மற்ற ஆண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சூப்பர்" என்று சொல்லிப் பிழைத்துக்கொள்வார்கள். இவர் நிஜமாகவே பார்ப்பார். யோசிப்பார். அந்த யோசனை போதும், அன்றைக்குப் பூராவும் நான் அவரோடு பேசமாட்டேன். அப்படிப்பட்ட மனுஷன் என் கூடப்பிறந்த அண்ணனை இரண்டு மாதம் ஏமாற்றினார். வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றினார், அவ்வளவுதான்.

அவர் தொழில் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இல்லை, தலை நரைத்தவர்கள். அவர்கள் மேசையில் மாட்டுகிற ஸ்டியரிங்கையும், காலடியில் வைக்கிற பெடல்களையும் பிரித்து, மாற்றி, அவரவர் கைக்கும் காலுக்கும் தோதாக அமைத்துக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர். முன்பு ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் யாரோ ஒருவர் தன் ஸ்டியரிங் கரகரவென்று சத்தம் போடுகிறது என்று கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தவர்தான், பிறகு ஜெராக்ஸ் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் வீட்டுப் பின்னறைதான் பட்டறை. பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு காரின் முன்சீட்டைத் தூக்கிவந்து இரும்புச் சட்டத்தில் முடுக்கி வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் ஸ்டியரிங், கீழே பெடல், எதிரே பெரிய திரை. சுவரோரமாக என் தயிர் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். தயிர் இருக்காது, திருகுகள் இருக்கும். வாஷிங் மெஷினின் காலடியில் வைக்கும் ரப்பர் கட்டைகள் ஒரு வாளி நிறைய. அந்த அறைக்குள் போனாலே சூடான ஈய வாசனையும் ரப்பர் வாசனையும் மூக்கில் ஏறும். பழகிவிட்டது.

மலிவான பெடல்களில், கால் எவ்வளவு தூரம் போயிற்று என்பதைத்தான் கம்ப்யூட்டர் பார்க்குமாம். நிஜ வண்டியில் பிரேக் அப்படி இல்லையே, எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதுதானே கணக்கு. அதனால் இவர் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரப்பர் கட்டையை வைத்து, அடியில் எடை பார்க்கிற சென்சார் ஒன்றைப் பொருத்துவார். கடைத் தராசுக்குள் இருக்குமே, அதே சங்கதிதான். அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு எண் போட வேண்டும். எத்தனை கிலோ அழுத்தினால் முழு பிரேக் என்பது அந்த எண். மிதிக்க மிதிக்கத் திரையில் ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறும். முழு பிரேக் என்றால் கோடு உச்சியைத் தொடும்.

இதில் அவருக்கு ஒரு தொழில் வழக்கம் உண்டு. ஒரு பல் டாக்டர் வாடிக்கையாக வருவார். யாரோ பெரிய ரேஸ்காரன் அறுபது கிலோ வைத்து மிதிக்கிறான் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, "எனக்கும் அறுபது போடுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார். இவர் போட்டுக் கொடுத்தார். டாக்டர் இரண்டு சுற்று ஓட்டிவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டீ குடிக்கிற நேரத்தில் இவர் சத்தமில்லாமல் எண்ணை முப்பத்தைந்துக்கு இறக்கிவிட்டார். அடுத்த சுற்று டாக்டர் பறந்தார். "இப்பதான் சார் கால் செட்டாச்சு!" என்று எழுந்து நின்று கூவினார். இவர் தலையாட்டினார்.

"ஏங்க, சொல்லக்கூடாதா அவர்கிட்ட?" என்று பிறகு கேட்டேன்.

"எதுக்கு? கால் அவரோடது. காலுக்கு ஏத்த மாதிரி நம்பர் போடறதுதான் என் வேலை. சொன்னா மனசு சங்கடப்படும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்கும் நஷ்டமில்லையே.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டுபவன். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வேன் வேறொருவருடையது. ஆனால் அதை அவன் சொந்தப் பிள்ளை மாதிரிதான் வைத்திருந்தான். ஒரு லீவு நாளில் வேனின் கூரையைக் கழுவுகிறேன் என்று ஏணி போட்டு ஏறி, சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தான். வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நடந்தபோது வலது கால் இடது காலில் பாதி ஆகியிருந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா வருவார். அவர் முன்னால் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக இழுப்பான், அவர் வாசலைத் தாண்டியதும் பட்டை கட்டிலுக்கு அடியில் போய்விடும். வேன் ஓனர் நல்ல மனுஷர். தற்காலிகமாக ஒரு ஆளைப் போட்டுவிட்டு, "பெரிய லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள கால சரி பண்ணிக்கப்பா" என்று சொல்லியிருந்தார்.

அண்ணனுக்கு என் வீட்டுக்காரர் தொழில் மேல் எப்போதுமே ஒரு இளக்காரம். "என்ன மாப்ள, பொம்ம கார் எப்படி ஓடுது? பெட்ரோல் எவ்ளோ குடிக்குது?" என்று வரும்போதெல்லாம் வம்பிழுப்பான். இவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறான் என்று அண்ணி வந்து அழுதபோது, "மச்சான நான் கூட்டிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்பியவர் இவர்தான்.

சும்மா கூட்டிவரவில்லை. அதற்கு முன் எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு அந்த வேனைத் தேடிப் போய், தற்காலிக டிரைவரைக் கெஞ்சி, பிரேக் பெடலின் மேல் தன் சென்சாரைக் கட்டி, மைதானத்தில் ஓட்டிப் படீரென்று நிறுத்தச் சொல்லிப் பார்த்திருக்கிறார். முப்பது, முப்பத்திரண்டு கிலோ காட்டியிருக்கிறது. குழந்தைகள் ஏறுகிற வண்டி, கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று நாற்பது என்று வைத்துக்கொண்டார். அண்ணன் கால் நாற்பது கிலோ மிதித்தால் வேனை ஓட்டலாம். கணக்கு சுத்தம்.

முதல் நாள் அண்ணன் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, "ஸ்டார்ட் பண்ண சாவி எங்க மாப்ள?" என்று கிண்டலடித்துக்கொண்டே மிதித்தான். கோடு பாதிகூட ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தான். அதே இடம். கிண்டல் நின்றுபோயிற்று. எழுந்து, கைத்தடியைக்கூட எடுக்காமல் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டான். நான்தான் பின்னாலேயே தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சில நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவர் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அண்ணன் உட்காருவதற்குள் எண்ணை முப்பதாக்கிவிட்டார். பல் டாக்டருக்குச் செய்த அதே வேலை, கை தானாகவே போயிருக்கிறது. அண்ணன் மிதித்தான். கோடு பாதியைத் தாண்டியது.

"ஏய்! மாப்ள, பாத்தீங்களா? பாத்தீங்களா?"

"பாத்தேன் மச்சான்."

அவ்வளவுதான் இவர் சொன்னது. பார்த்தேன் என்றார். அது பொய்யில்லையே.

அதற்கப்புறம் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. காலையில் நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போதே வாசலில் வந்து நிற்பான். உட்கார்ந்தான் என்றால் மணிக்கணக்கில் மிதிப்பான். திரையில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொடுத்திருந்தார். ஸ்டாப்பிங் வந்தால் நிறுத்தி, "ஏறு, ஏறு, உள்ள போ" என்று திரைக்குள் இருக்கும் ஜனங்களை அதட்டுவான். நடுவில் ஒரு வாரம் கோடு ஏறாமல் நின்றது. முகம் மறுபடி தொங்கியது. எண் இருபத்தைந்து ஆயிற்று. அன்றைக்குக் கோடு கிட்டத்தட்ட உச்சிக்குப் போய்விட்டது. அண்ணன் சீட்டில் இருந்தபடியே இவரை இழுத்துக் கட்டிக்கொண்டான்.

அதோடு விட்டானா? தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எனக்குக் காலைத் திருப்பிக் குடுத்தது எங்க மாப்ளதான்யா. ஆஸ்பத்திரில முடியாதத அவர் பண்ணிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து பொம்மை கார் பொம்மை கார் என்று சொன்ன வாய். இவர் அதைக் கேட்டு என்ன செய்தார் தெரியுமா? காது சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூச்சம் என்றுதான் நினைத்தேன். கூச்சம்தான். கூடவே ஆசையும் இருந்திருக்கிறது. மச்சான் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்க இத்தனை வருஷம் காத்திருந்த மனுஷன், அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஒருநாள் அண்ணன் எங்கள் கூடத்தில் நின்றுகொண்டே ஓனருக்கு போன் போட்டான். "அண்ணே, ஸ்கூல் திறக்கற அன்னிக்கு நான் வந்துடறேன். கால் கல்லு மாதிரி இருக்கு" என்றான். இவருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது. சட்டையெல்லாம் டீ.

அன்றிலிருந்து இவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். போன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். நடுத்தெருவில் ஸ்கூல் பிள்ளைகளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு கேள்வி கேட்டால் "ஆங்?" என்பார். வேறு எவளாவது வந்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தேன். சட்டை முழுக்க கிரீஸ், காதில் ஒரு திருப்புளி. இவரை எவள் சீந்தப்போகிறாள் என்று சமாதானமானேன்.

அவர் செய்த முட்டாள்தனம் பிறகுதான் தெரிந்தது. வாயைத் திறந்து "மச்சான், இதுதான் நடந்தது" என்று சொல்லியிருக்கலாம். அரைமணி நேரத் திட்டோடு போயிருக்கும். அதைச் செய்யாமல், யாருக்கும் தெரியாமல் இறக்கினதை யாருக்கும் தெரியாமலே ஏற்றிவிடலாம் என்று பார்த்திருக்கிறார். தினமும் அண்ணன் வருவதற்கு முன் எண்ணைக் கொஞ்சம் கூட்டுவார். முப்பது ஆயிற்று, முப்பத்தைந்து ஆயிற்று, நாற்பதும் ஆயிற்று. அங்கேயாவது நின்றாரா? பயந்த மனசுக்கு நாற்பது போதவில்லை. வேன் நிறையக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பது மாதிரியே கண் முன்னால் வந்து நிற்குமாம். ஐம்பது வரைக்கும் ஏற்றிவிட்டார்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா? அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நேற்று உச்சியைத் தொட்ட கோடு இன்றைக்குத் தொடவில்லை. நாளைக்கு இன்னும் கீழே. எவ்வளவு மிதித்தாலும் கோடு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது.

"உள்ள வச்ச கம்பி நகந்துடுச்சு போல மாப்ள" என்றான் ஒருநாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மாட்டேன் என்றான். மறுபடி அறுக்கச் சொல்வார்கள் என்று பயம்.

அன்று எனக்கு லீவு. பின்னறையில் சத்தமே இல்லையே என்று எட்டிப்பார்த்தேன். அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். கால் இன்னும் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தது, திரையில் கோடு உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. இவர் பக்கத்தில் நின்று அவன் தோளில் கை வைத்திருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் ஓனருக்கு போன் செய்துவிட்டான். "வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே. குழந்தைங்க விஷயம். என் கால நம்பி நான் எடுக்க மாட்டேன்." அண்ணிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்கூல் திறந்தது. வேன் போயிற்று, வந்தது. அண்ணன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தார். அதையே பிரித்தார். மறுபடி மடித்தார்.

"என்னங்க வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்க" என்றேன்.

சொன்னார். பல் டாக்டரிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். முப்பது, இருபத்தைந்து, அப்புறம் ஏற்றியது, அண்ணன் அழுத அன்றைக்கு ஐம்பது. நான் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேச்சை நிறுத்திவிட்டார். கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

"அன்னிக்குக் கோடு எங்க நின்னுச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? மேல கொஞ்சம் பாக்கி இருந்துச்சு. அஞ்சுல ஒரு பங்கு இருக்கும்."

"அஞ்சுல நாலு பங்கு ஏறியிருக்கு." விரல்விட்டு எண்ணினார். "ஐம்பதுல அஞ்சுக்கு நாலு... நாப்பது. நாப்பதும்மா! அன்னிக்கு மச்சான் நாப்பது கிலோ மிதிச்சிருக்காரு. கால் சரியாயிடுச்சு. கால் சரியான அன்னிக்குத்தான் நான் அவர அழ விட்டிருக்கேன்."

திருகு ஒன்று தொலைந்தால்கூட எடை போட்டுக் கண்டுபிடிக்கிற ஆள் இவர். அன்றைக்கு அந்தச் சின்னக் கணக்கைப் போட்டிருந்தால் போதும். பயம் கண்ணை மறைத்துவிட்டது. பொய்யாகக் காட்டிய கோட்டை நம்பிக் கால்கடுக்க மிதித்து மிதித்தே அண்ணனுக்குப் பலம் நிஜமாக வந்துவிட்டது, அதைப் பார்க்க இவருக்குத் தெம்பில்லை.

அந்த நிமிஷமே ஓனருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். தப்பு முழுக்கத் தன்னுடையது, மச்சான் கால் நன்றாக இருக்கிறது என்று அழாக்குறையாகச் சொன்னார். ஓனர் பொறுமையாகக் கேட்டார். "சார், அவரே வேணாம்னுட்டாரு. புது ஆள வருஷத்துக்குப் பேசியாச்சு. என்ன நம்பி அவன் வேற வேலைய விட்டுட்டு வந்திருக்கான். அவன நான் எப்படி நிறுத்தறது?" என்றார். அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

"எந்திரிங்க" என்றேன். "எங்கண்ணன்கிட்ட வந்து இத உங்க வாயால சொல்லுங்க."

அண்ணனை நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். பின்னறையில் அந்தச் சீட்டில் உட்காரவைத்தேன். இவர் எதிரே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். ஓனர் சொன்னதையும் மறைக்கவில்லை. அண்ணன் முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்து என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

ஸ்டியரிங்கைத் தடவினான். பிறகு கேட்டான்.

"நான் இதுல தலைய வச்சு அழுதேன். அப்போ நீ பக்கத்துலதான நின்ன?"

கல்யாணத்திலிருந்து ஒருநாளும் இவரை அவன் 'நீ' என்று சொன்னதில்லை.

"நின்னேன் மச்சான்."

"தோள்ல கை வச்சிருந்த."

"வச்சிருந்தேன்."

"வாயில என்ன வச்சிருந்த?"

இவர் தலை இன்னும் குனிந்தது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருக்காக அழுவது என்றுதான் தெரியவில்லை.

"போடு நம்பர. சரியான நம்பரப் போடு" என்றான் அண்ணன். இவர் நாற்பது போட்டார். "நீ தள்ளி நில்லு. தங்கச்சி, நீ பாத்துச் சொல்லு, என்ன போட்டிருக்கான்?"

"நாப்பதுதான்ணா."

அண்ணன் மிதித்தான். கோடு விறுவிறுவென்று ஏறி உச்சியில் போய் நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"இத நம்பறதா வேணாமா?" என்றான். "போன மாசமும் இப்படித்தான உச்சிக்குப் போச்சு. குதிச்சேனே. நாளைக்கு நிஜ வண்டில ஏறி மிதிச்சாலும், இத யாரு செட் பண்ணி வச்சதுன்னுதான எனக்குத் தோணும்?"

இவர் சட்டென்று மண்டிபோட்டு உட்கார்ந்தார். பிரேக் பெடலின் இரும்புத் தகட்டின் மேல் தன் வலது கையை விரித்து வைத்தார்.

"இதுல நம்பர் கிடையாது மச்சான். மிதிங்க."

"ஐயையோ, என்னங்க இது கிறுக்குத்தனம்? எடுங்க கைய!" என்று கத்தினேன்.

"எடு கைய" என்றான் அண்ணனும்.

"மிதிங்க மச்சான்."

அண்ணன் பேருக்கு லேசாக மிதித்தான். இவர் தலையை ஆட்டினார். "இவ்ளோதானா? இதுக்கு வண்டி நிக்காது." அதைக் கேட்டதும் அண்ணன் முகம் கறுத்துவிட்டது. இத்தனை நாள் படுத்துக்கிடந்தது, அழுதது, வேன் போனது எல்லாம் காலில் இறங்கியிருக்க வேண்டும். ஒரு மிதி. ஏதோ ஒன்று சடக்கென்றது. இவர் கத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. கையை மட்டும் எடுக்கவில்லை.

அண்ணன்தான் பதறிப்போய்க் காலை எடுத்தான். "ஐயோ மாப்ள!"

மோதிர விரலும் சுண்டு விரலும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கின. "நாப்பதுக்கு மேலயே இருக்கும் மச்சான்" என்றார் இவர், வெளிறிப்போன முகத்தோடு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு கிறுக்கன்களுக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று வாய்விட்டே சொன்னேன். இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இவரால் முடியாது. ஆட்டோ பிடிக்கலாம் என்று நான் செருப்பைத் தேடுவதற்குள், ஆணியில் தொங்கிய எங்கள் பழைய காரின் சாவியை அண்ணன் எடுத்துவிட்டான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இவர் முன்னால் ஏறினார். தெருமுனையில் ஒருமுறை, கடைத்தெருவில் ஒருமுறை, அண்ணன் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்துப் பார்த்தான். வண்டி சொன்னபடி நின்றது.

ஸ்கூல் விடுகிற நேரம். ஆஸ்பத்திரி ரோட்டில் எங்களுக்கு முன்னால் அந்த வேன் போய்க்கொண்டிருந்தது. ஓரமாக நின்று, பை மூட்டையோடு ஒரு சின்னப் பெண்ணை இறக்கிவிட்டது. புது டிரைவர் இறங்கவில்லை. ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். அந்தப் பெண்ணின் வீடு எதிர்ப்பக்கம் போலிருக்கிறது. ரோட்டோரத்தில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினான். இறங்கி, லேசாகச் சாய்ந்து நடந்துபோய், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் திறந்திருந்தது. பேச்சு எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"டிரைவர் மாமா! நீங்க ஏன் வரதே இல்ல? கால் இன்னும் சரியாகலியா?"

"கால் எப்பவோ சரியாயிடுச்சுடா தங்கம். வண்டிதான் காணாமப் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"அதோ போவுது பாரு."

குழந்தை ரோட்டின் கடைசியில் போய்க்கொண்டிருந்த வேனைப் பார்த்தது. மாமா ஏதோ ஜோக் சொல்லிவிட்டார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து, வாசலில் விட்டுவிட்டு, கேட் சாத்தும் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான்.

முன்சீட்டில் இவர் தோள் குலுங்கியது. வலது கை மடியில் துணி மாதிரி கிடந்தது. "வலிக்குதாங்க?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

அண்ணன் ஏறி உட்கார்ந்தான். இவர் பக்கம் பார்த்தான். "மச்சான்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"கையத் தொங்கப்போடாதீங்க மாப்ள, வீக்கம் கூடும். மேல தூக்கிப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டியைக் கிளப்பினான்.